நார்ம் போனார், நிகழ்ச்சியும் போனது: சரிதானே?

அமெரிக்காவில் மரவேலையில் கொஞ்சம் கிறுக்குப் பிடித்த யாரிடமாவது "நார்ம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். எந்த நார்ம் என்று கேட்க மாட்டார்கள். தாடி, கட்டம் போட்ட சட்டை, நிதானமான பேச்சு. நார்ம் ஏப்ராம்தான். பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.எச். நிலையம் தயாரிக்க, பி.பி.எஸ். பொதுத் தொலைக்காட்சியில் 1989 முதல் 2009 வரை 21 பருவங்கள் ஓடிய மரவேலை நிகழ்ச்சி 'தி நியூ யாங்கி ஒர்க்‌ஷாப்' அவருடையது. இனிப் புதிய பகுதிகள் வராது என்று 2009 அக்டோபரில் தெரிந்ததும் ரசிகர்கள் புலம்பித் தீர்த்தார்கள். சனிக்கிழமை போச்சு என்றார்கள். டேபிள் சா என்கிற மேசை ரம்பத்தை வாங்கியதே இவரைப் பார்த்துத்தான் என்றார்கள். கூடவே, எந்த நிகழ்ச்சி நின்றாலும் எழும் அந்தக் கேள்வியும் எழுந்தது: அவர் ஓய்வெடுக்கட்டும், வேறு ஒருவரை வைத்து நடத்தக்கூடாதா?

கூடாது என்பது என் கட்சி.

நடத்தியிருக்கலாமே என்பவர்கள் கையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. நார்மின் நிகழ்ச்சியைத் தயாரித்த ரசல் மோராஷ் 1979ல் தொடங்கிய, பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் 'திஸ் ஓல்ட் ஹவுஸ்'. அதில் தொகுப்பாளர் பாப் விலா 1989ல் வெளியேறினார். ஸ்டீவ் தாமஸ் வந்தார். 2003ல் கெவின் ஓ'கானர் வந்தார். நிகழ்ச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அங்கே கதாநாயகன் வீடு. தொகுப்பாளர் நம் சார்பில் கேள்வி கேட்கிறவர். வேலையைச் செய்ய பிளம்பர், கொத்தனார், தச்சர் என்று ஒரு கூட்டமே இருக்கும். அந்தத் தச்சரும் நார்ம்தான். நார்மின் பட்டறை நிகழ்ச்சியில் கேள்வி கேட்க ஆளே கிடையாது. ஒரு மனிதர், ஒரு மேசை, அரை மணி நேரம். பலகையை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறார், அளவெடுக்கும்போது பென்சிலை எப்படிப் பிடிக்கிறார் என்பதெல்லாம்தான் நிகழ்ச்சி. ஆளை மாற்றினால் மிஞ்சுவது பட்டறைக் கட்டிடம் மட்டும்.

நார்ம் தொலைக்காட்சிக்கு வந்த கதை ரசிகர்களுக்கு மனப்பாடம். மோராஷ் தன் வீட்டில் ஒரு கட்டிட வேலைக்கு இவரை அமர்த்தியிருந்தார். அவர் கண்ணில் பட்டது வேலையைவிட, ஓரத்தில் கிடந்த கழிவுக் கட்டைகள். குவியல் மிகச் சின்னது. மரத்தை இவ்வளவு குறைவாக வீணாக்குகிற ஆளை விடக்கூடாது என்று நினைத்தாராம். ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை இயக்கிய மனிதர் மோராஷ். வேலை தெரிந்த கையைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நார்மைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. "அவரிடம் இருக்கிற மெஷின்கள் இருந்தால் நானும்தான் செய்வேன்." டெல்டா, போர்ட்டர்-கேபிள் போன்ற கருவி நிறுவனங்கள் ஆதரவு தந்த நிகழ்ச்சி, அதனால் பட்டறை நிரம்பி வழியும். தச்சு வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் ஒரு பகுதியைக் காட்டினேன். அவர் நார்மைப் பார்க்கவே இல்லை. பின்னால் தொங்கிய கிளாம்புகளை, அதாவது பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கவ்விகளைப் பார்த்து, "இத்தனையா!" என்று பெருமூச்சு விட்டதோடு சரி.

குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அருங்காட்சியகத்திலோ பழம்பொருள் கடையிலோ இருக்கும் ஒரு மேசையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நார்ம் முதலில் ஒரு மாதிரியைச் செய்து முடித்துவிடுவார். கேமரா முன் செய்வது அடுத்தது. எந்த வெட்டு முதலில், எந்த இடத்தில் பலகை பிளக்கும், எதை ஒட்டிய பிறகு எதற்குக் கை நுழையாது என்பதெல்லாம் முதல் மாதிரியிலேயே தெரிந்துவிடும். நாம் பார்த்த சுலபம் அங்கிருந்து வந்தது, மெஷினிலிருந்து அல்ல.

பிஸ்கட் இணைப்பு போடுவதைப் பாருங்கள். இரண்டு பலகைகளையும் சேர்த்து வைத்து, சேருமிடத்தின் குறுக்கே பென்சிலால் ஒரே கோடு. பிரித்து, கோட்டுக்கு நேராக ஒவ்வொரு விளிம்பிலும் பிறை போல ஒரு வெட்டு. பசையைத் தடவி, பிஸ்கட் என்று பெயர் கொண்ட அழுத்திய மரச்சில்லைச் செருகினால், பசையின் ஈரத்தில் அது உப்பி இறுகிக்கொள்ளும். அவசரம் இருக்காது. ஆனால் ஒரு அசைவுகூட வீணாகாது. இதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அந்தக் கையை எங்கிருந்து கொண்டுவருவது?

அப்புறம் அந்த பிராட் ஆணிகள், ஆணித் துப்பாக்கியால் அடிக்கும் மெல்லிய சின்ன ஆணிகள். பசை காயும்வரை பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று அடிக்கிறேன் என்பார். துப்பாக்கிச் சத்தம் போல டக் டக்கென்று இறங்கும். ரசிகர்கள் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார்கள், இன்னும் செய்கிறார்கள். அரை மணி நேர நிகழ்ச்சியில் கிளாம்பு மாட்டிப் பசை காயும்வரை உட்கார்ந்திருக்க முடியுமா? எனக்கு அதில் குற்றமே தெரியவில்லை.

ஆணியே வேண்டாம், மின்சாரமும் வேண்டாம் என்பவர்களுக்கு அதே பி.பி.எஸ்.ஸில் ராய் அண்டர்ஹில் இருந்தார். வட கரோலைனாவிலிருந்து வந்த 'தி உட்ரைட்ஸ் ஷாப்'. உளி, இழைப்புளி, கைரம்பம், கால் மிதித்துச் சுழற்றும் கடைசல். பேசிக்கொண்டே மூச்சிரைக்க வேலை செய்வார், சில சமயம் விரலையும் வெட்டிக்கொள்வார். 1979ல் தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. நார்ம் கட்சி, ராய் கட்சி என்று ரசிகர்கள் மல்லுக்கட்டுவது வேடிக்கையாக இருக்கும். ஆனால் ராய் நிறுத்தியபோதும் யாரையும் அவருடைய தொப்பியை மாட்டி நிற்க வைக்கவில்லை.

ரசிகர்களின் துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதில் எனக்குப் பிடித்ததே, டேபிள் சா இல்லாதவர்கள், ஆணி அடித்தே பழகாதவர்கள் பட்ட துக்கம். பார்த்தவர்களில் பெரும்பாலானோர் அவர் செய்து காட்டிய அலமாரியைச் செய்திருக்கவே மாட்டார்கள். ஒரு பொருள் வெறும் பலகையிலிருந்து முழுதாக உருவாவதைக் கண்ணெதிரே பார்க்கும் சுகத்துக்காக உட்கார்ந்தவர்கள் அவர்கள். அந்தச் சுகம் வேண்டும் என்று கேட்பது நியாயம். அதற்காக அதே பட்டறையில், அதே தலைப்பு இசையோடு, கட்டம் போட்ட சட்டையில் ஓர் இளைஞரை நிறுத்தியிருந்தால், முதல் வாரமே "நார்ம் இப்படிச் செய்ய மாட்டார்" என்று எழுதியிருக்கப் போவதும் இதே ரசிகர்கள்தான். பாவம் அந்த இளைஞர்.

நார்ம் 2022 வரை 'திஸ் ஓல்ட் ஹவுஸ்' பக்கம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றார். மோராஷ் 2024ல் காலமானார். பழைய பகுதிகள் முழுதாகவே யூடியூபில் கிடைக்கின்றன; நானும் அங்கேதான் பார்த்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1989ன் முதல் பருவத்திலிருந்து போகலாம். பெரிய ஆடம்பரம் இல்லாத மருந்து அலமாரி, போர்வைப் பெட்டி எல்லாம் அதில்தான்.