புது விண்டோஸுக்குப் போகும் முன் பழைய எழுத்தை எடுத்து வையுங்கள்

"மாமா, இன்னுமா விண்டோஸ் 10 ஓட்டுறீங்க? மாத்திடுங்க" என்று போன மாதம் அக்கா மகன் சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னதில் தப்பில்லை. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதற்கப்புறம் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு வழக்கமான அடைப்பு வராது. கணினி என்னவோ முன்பு போலவே ஓடும். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால் பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்னும் சிலர் பயந்துபோய், இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

யாங்கோனில் தமிழிலும் பர்மிய மொழியிலும் டைப் செட்டிங் செய்து பிழைப்பவன் நான். கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை, தமிழ் வகுப்புப் பாடத்தாள், இவைதான் என் வேலை. இந்த வேலையில் இருந்துகொண்டு சொல்கிறேன்: விண்டோஸ் 11 போடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பழைய ஃபைல்களில் இருக்கும் எழுத்து எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

2016இல் கடைக் கணினியில் விண்டோஸ் 7 இருந்தது. விண்டோஸ் 10 போட்டுத் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். ஃபைல்களைப் பத்திரமாக வேறு வட்டில் எடுத்து வைத்திருந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. எழுத்துருக்களை மட்டும் எடுக்கவில்லை. அவை தனியாக ஒரு ஃபோல்டரில் இருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் பகுதிக் கோவிலின் உபயதாரர் பட்டியலைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

2003இலிருந்து சேர்த்த பட்டியல் அது. பெகுவிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் வந்து காணிக்கை கொடுத்தவர்களின் பெயர், ஊர், எந்தத் திருவிழாவுக்கு எந்த உபயம் என்பதெல்லாம் அதில் இருந்தது. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் கையெழுத்து நோட்டு ஒரு மழைக்காலத்தில் நனைந்து போயிருந்தது. அந்த எழுத்துருவைத் தேடி நான்கு பேரிடம் அலைந்து, கடைசியில் ஒரு பழைய சிடியில் கண்டுபிடித்தேன். அந்தப் பத்து நாளும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று விளங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் கணினி தமிழைச் சேமிப்பதே இல்லை. ஆங்கில எழுத்தைத்தான் சேமிக்கிறது. அதற்குத் தமிழ் உருவத்தை எழுத்துரு போர்த்திக் காட்டுகிறது. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் ஃபைலுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். அந்த அரைப்புள்ளிதான் நமக்கு மெய்யெழுத்தின் புள்ளியாகத் தெரிகிறது. எழுத்துரு போனால் போர்வை போய்விடும். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுத்திருக்கும் யூனிகோடு முறையில் எழுதியதற்கு இந்தக் கதி வராது. அதில் "த" என்றால் எந்தக் கணினியிலும் அது "த"தான். விண்டோஸ் 11, லினக்ஸ், கைபேசி, எங்கே திறந்தாலும் தெரியும்.

பர்மாக்காரர்களான நமக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாறிய பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அரசாங்கம் 2019 அக்டோபர் 1ஆம் தேதியை மாற்றத்துக்குக் குறித்தது. அந்த மாதங்களில் ஒருவர் அனுப்பிய செய்தி இன்னொருவர் கைபேசியில் கொம்பும் வட்டமும் இடம் மாறிக் கிடந்தது. வாடிக்கையாளர் செய்தியாக அனுப்பிய பெயரை நான் படிக்க முடியாமல், ஃபோன் போட்டு எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஸோஜியின் சிக்கல் பாமினியைவிட மோசம். பாமினி ஃபைல் கெட்டுத் தெரிந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும். ஸோஜி, யூனிகோடு பர்மிய எழுத்துக்கு ஒதுக்கிய அதே எண்களை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. ஃபைல் எந்த வகை என்று கணினிக்கே உறுதியாகத் தெரியாது, எழுத்து வரும் வரிசையைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அவ்வளவு பட்டும், பர்மிய ஃபைல்களை மாற்றிவிட்டுத் தமிழ் ஃபைல்களை அப்படியே வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். பர்மிய மொழிக்குக் கெடு இருந்தது, தமிழுக்கு யாரும் கெடு வைக்கவில்லை. விண்டோஸ் 10 முடிந்த இந்த நேரத்தை அந்தக் கெடுவாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மாற்றுவது எப்படி? பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் பல காலமாக இலவசமாகக் கிடைக்கின்றன. என்எச்எம் மாற்றி, பொங்கு தமிழ் இரண்டையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். தமிழ் மட்டும் உள்ள ஃபைல் என்றால் பத்து நிமிட வேலை. நம் ஊர்ப் பத்திரிகைகள் அப்படி இருப்பதில்லை. மேலே தமிழ் பாமினியில், கீழே பர்மியம் வின் இன்வா என்ற பழைய எழுத்துருவில். இரண்டுமே ஆங்கில எழுத்தின் மேல் போர்த்தியவை. மொத்தமாக மாற்றியில் போட்டால் பர்மியமும் தமிழாகப் பாவிக்கப்பட்டு, எதற்கும் உதவாத ஒன்று வெளியே வரும். நான் செய்வது இதுதான்: பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் புரோகிராமிலிருந்து எழுத்துரு விவரம் போகாமல் ஏற்றுமதி செய்து, வேர்டில் திறந்து, எழுத்துருவின் பெயரை வைத்துத் தேடி, பாமினியில் உள்ளதை மட்டும் தேர்ந்தெடுத்து, தனியே எடுத்து மாற்றுவேன். அப்புறம் பர்மியத்தை வேறு மாற்றியில். நேரம் பிடிக்கும் வேலைதான்.

மாற்றிய பிறகு கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. பாமினியில் கொம்பை முதலில் அடிக்கிறோம். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. மாற்றி அதைச் சரிசெய்துவிடும். என்றாலும் வரி உடையும் இடங்களில் தவறு வரலாம். அடுத்தது "ஸ்ரீ". யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுத முடியும், ஸகரத்தில் தொடங்கி ஒன்று, 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கி ஒன்று. பல எழுத்துருக்களில் பார்வைக்கு இரண்டும் ஒன்றே. தேடும்போது மட்டும் ஒன்றைக் கேட்டால் மற்றொன்று கிடைக்காது. கோவில் பெயர் எதுவும் ஸ்ரீ இல்லாமல் தொடங்குவதில்லை; பட்டியலில் பாதிப் பெயர் தேடலில் அகப்படாமல் போனபோதுதான் இதை நான் கற்றுக்கொண்டேன். ஒரே விதமாக மாற்றி வைத்துவிடுங்கள்.

சரி, இனி இயங்குதளத்துக்கு வருகிறேன்.

கடைக் கணினி 3ஆம் தலைமுறை இன்டெல். அதில் ஓடுவது 32 பிட் விண்டோஸ் 10, காரணம் என் பழைய லேசர் பிரிண்டர். அதன் டிரைவர் 32 பிட்டுக்கு மட்டுமே இருக்கிறது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அது போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், கணினி தொடங்கும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்கு மேல் என்று கேட்கிறது. 8ஆம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல். நம் ஊரில் கைமாறிக் கைமாறி வரும் கணினிகளில் பெரும் பங்கு அதற்கு முந்தியவை. நன்றாக ஓடும் ஒரு பெட்டியை, சிப் இல்லை என்பதற்காகக் குப்பைக்கு அனுப்பச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாதுகாப்புக்கு அந்தச் சிப் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கியாட்டில் சம்பாதித்து டாலர் விலையில் பொருள் வாங்குகிறவனுக்கு ஒரு கணினி பத்து பதினைந்து வருஷம் உழைத்தாக வேண்டும்.

அதற்காக ஆதரவு முடிந்த விண்டோஸை இணையத்தில் திறந்து வைத்திருப்பதும் சரியில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியதை நினைத்துப் பாருங்கள். யாரும் எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. நெட்வொர்க்கில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே போய், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பு, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். இனி விண்டோஸ் 10க்கு அப்படி ஓர் ஓட்டை வந்தால், நீட்டிப்பில் சேராதவர்களுக்கு அந்த இரண்டு மாத அவகாசமும் கிடையாது.

நீட்டிப்பு என்று ஒன்று இருக்கிறது. பாதுகாப்பு அடைப்புகள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை. 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அவர்களுடைய இணையச் சேமிப்பில் வைக்க ஒத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் கார்டு இல்லாதவர்களுக்கு இரண்டாவது வழி உண்டு என்பதைச் சொல்லத்தான் இதைக் குறிப்பிட்டேன். உரிமம் சரியாக உள்ளவர்கள் முயன்று பாருங்கள். பூட்டுடைத்த விண்டோஸ், ஆக்டிவேட்டர் என்று யாரோ கொடுப்பதைப் போடுகிறவர்களை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், நிறுத்திவிடுங்கள். வைரஸ் காவலை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் ஒரு புரோகிராமை நம்பி, கோவில் கணக்கும் உறவினர் ஃபோன் நம்பரும் இருக்கும் கணினியைக் கொடுக்கிறீர்கள்.

ஆக, கடைக் கணினியை நான் மாற்றவில்லை. இணையக் கம்பியைக் கழற்றிவிட்டேன். அது இனி பழைய பேஜ்மேக்கரும் பிரிண்டரும் ஓட்டும் இயந்திரம். ஆனால் டைப் செட்டிங் கடைக்கு இணையத்தைவிடப் பெரிய ஆபத்து வாடிக்கையாளரின் பென் டிரைவ். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரும், ஒவ்வொன்றும் எத்தனை கணினி பார்த்ததோ. அதனால் எந்தப் பென் டிரைவையும் அதில் நேரே செருகுவதில்லை. பக்கத்தில் ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். அங்கே திறந்து, வேண்டிய எழுத்தையும் படத்தையும் மட்டும் எடுத்து, என் சொந்தப் பென் டிரைவில் மாற்றுகிறேன். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் வரும் பென் டிரைவை அப்படியே செருகுவதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

லினக்ஸ் என்றால் நம் ஆட்கள் தயங்குகிறார்கள். தமிழ் வகுப்பில் இரண்டு பழைய கணினிகளுக்கும் மின்ட் 22 போட்டோம். 2029 வரை அடைப்பு வரும், காசு இல்லை. தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, பர்மிய எழுத்துக்குப் பாடவ் எழுத்துரு அழகாக உட்காருகிறது. பிள்ளைகள் அரை மணி நேரத்தில் பழகிவிட்டார்கள். பேஜ்மேக்கரையே நம்பியிருப்பவர்களுக்கு அது சரிப்படாது, வீட்டில் கடிதம் எழுதிப் படம் பார்ப்பவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

வீட்டு மடிக்கணினிக்கு மட்டும் விண்டோஸ் 11 போட்டேன், அது 8ஆம் தலைமுறை. டிபிஎம் இல்லை என்று முதலில் காட்டியது. கணினி தொடங்கும்போது நுழையும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைத்திருந்தார்கள், இயக்கியதும் சரியாகிவிட்டது. உங்களுக்கும் அப்படிக் காட்டினால் கணினியை விற்கும் முன் பயாஸைப் பாருங்கள். பழையதன் மேலேயே அப்கிரேட் செய்ததால் எழுத்துருக்கள் அப்படியே இருந்தன. துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்களுக்கு லதா எழுத்துருகூடத் தானாக வராது. அமைப்புகளில் போய்த் தமிழ்த் துணை எழுத்துருக்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் 11 போட இறக்கும் ஃபைல் 5 ஜிபிக்கு மேல். மின்சாரம் முறை வைத்து வரும் ஊரில் "மீ லா பீ" (கரண்ட் வந்துடுச்சு) என்று பிள்ளைகள் கத்தியதும் தொடங்கி, பேட்டரி முழுதாக இருக்கும்போது முடித்துவிடுங்கள்.

இன்னொன்று முக்கியம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டுவிடும். திறக்க 48 இலக்கச் சாவி ஒன்று உண்டு, அது அந்தக் கணக்கில் இருக்கும். பழைய சிம் நம்பரில் கணக்குத் தொடங்கிவிட்டு அந்தச் சிம்மைத் தூக்கிப் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! கணக்குக்குள் நுழைய முடியாமல் போய், கணினியும் சாவி கேட்டு நின்றால் ஃபைல்கள் திரும்பி வராது. போட்ட அன்றே அந்தச் சாவியைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

பாமினி, வின் இன்வா ஃபைல்கள் வைத்திருப்பவர்கள், என் கடை தெரிந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். கோவில், சங்கம், வகுப்பு ஃபைல்களுக்குக் காசு வாங்க மாட்டேன். ஃபைலோடு அதன் எழுத்துருவையும் அதே பென் டிரைவில் போட்டுக் கொண்டு வாருங்கள். அச்சடித்த பழைய தாள் ஒன்று கையில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், மாற்றியதை வரிக்கு வரி ஒத்துப் பார்க்க அது வேண்டும்.