கையைப் பிடித்து ஆட்டியவர்களுக்கு

கோத்தகிரி விழாவின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், விவரிக்கப் போவதில்லை. பார்வையும் செவியும் இல்லாத என் அக்கா மகன் மேடையில் அலறியதைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருடமாக அந்த டீச்சர் என்னதான் சொல்லிக்கொடுத்தார்?" என்று கேட்டவர்களுக்கு மட்டுமே இது.

சிறப்பு விருந்தினர் பின்னாலிருந்து வந்து, அவன் மணிக்கட்டைப் பற்றித் தூக்கி, கூட்டத்தை நோக்கி ஆட்டினார். கண்ணும் காதும் இல்லாத பிள்ளைக்குக் கைதான் பேச்சு. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வாயைப் பின்னாலிருந்து பொத்தினால் கும்பிட்டுக்கொண்டு நிற்பீர்களா?

டீச்சர் அப்படித் தொடுவதில்லை. தன் புறங்கையை அவன் கையருகே கொண்டுவந்து லேசாகப் பட்டும் படாமலும் வைத்துக் காத்திருப்பார். அவன் தடவிப் பார்த்து, அவர் அணிந்திருக்கும் இரும்புக் காப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் பாடம். தேநீர் வரப்போகிறது என்று சொல்ல, முதலில் காலித் தம்ளர் அவன் கைக்கு வரும். வெளியே போவதற்கு முன்னால் ஸ்வெட்டர். மாதக்கணக்கில் இவ்வளவுதான் நடந்தது, எனக்கே சலித்துவிட்டது. பிறகு ஒரு காலையில் அவனே தம்ளரைத் துழாவி எடுத்து டீச்சரின் மடியில் வைத்தான். அப்போதுதான் குடித்திருந்தான் என்பதைக்கூட எண்ணாமல் அக்கா அடுப்பைப் பற்றவைக்க ஓடினாள். இதைத்தான் ஐயா, டீச்சர் சொல்லிக்கொடுத்தார்.

"ஹெலன் கெல்லர் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாரே" என்று ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். உண்மைதான், அவரும் பார்வையும் செவியும் இழந்த குழந்தைதான். 1887 மார்ச் 3 அன்று ஆனி சல்லிவன் என்ற ஆசிரியை அமெரிக்காவின் அலபாமாவிலிருந்த ஹெலனின் வீட்டுக்கு வந்தார். ஏப்ரல் 5 அன்று தண்ணீர்க் குழாயடியில் குழந்தைக்குச் சொல் பிடிபட்டது. ஆனால் ஹெலன் 19 மாதம் வரை கண்டும் கேட்டும் வளர்ந்தவர், வீட்டாரோடு பேசத் தானே பல சைகைகளை உண்டாக்கி வைத்திருந்தவர். சல்லிவனோ, ஹெலனைப் போலவே பார்வையும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மேனுக்கு 1837 முதல் கற்பித்த, பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளியில் படித்துவிட்டு வந்து, அந்த ஒரே குழந்தைக்காக அங்கேயே தங்கியிருந்தார். எங்கள் டீச்சர் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு ஓரிரு நாள், மினி பஸ்ஸை விட்டிறங்கி மழையிலும் மூடுபனியிலும் தேயிலைச் சரிவு வழியாக எங்கள் லைன் வீட்டுக்கு நடந்து வருகிறார். அவருக்காக வேறு ஊர்களிலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையும் செவியும் ஒருசேர இழந்தவர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டம் நடந்து வருவதில்லை, டீச்சர்தான் வருகிறார்.

சிறப்பு விருந்தினர் நல்லெண்ணத்தில் செய்தார் என்கிறீர்கள். இருக்கட்டும். டீச்சரைத் தெய்வம் என்றும் அதே மேடையில் புகழ்ந்தீர்கள். தெய்வத்துக்குப் பயணப்படி கேட்கத் தெரியாது என்பது எவ்வளவு வசதி!

"யார் செய்த பாவமோ" என்று எழுதிய அம்மையாருக்கு: அக்கா கருவுற்றிருந்தபோது அவளுக்கு வந்தது ரூபெல்லா, கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணையும் காதையும் பாதிக்கக்கூடிய நோய். அதற்கான தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில்தான் தொடங்கியது; இவன் அதற்கு முன்பே பிறந்துவிட்டான். பாவக்கணக்கு எழுதும் நேரத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அக்கா உங்கள் வரியைப் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. டீச்சர் அதைப் படித்தாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அடுத்த விழாவுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அக்கா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். டீச்சருக்கும் அன்று வர இயலாது, வகுப்பு இருக்கிறது.