இருப்பில் உள்ளதாம்!

பச்சை நிறத்தில், தடித்த எழுத்தில், கொஞ்சமும் கூச்சமின்றி நூலகத்தின் ஓபேக் (நூல்களைத் தேடும் கணினிப் பட்டியல்) திரை இன்றும் அதையே சொன்னது: “இருப்பில் உள்ளது.” எந்த உலகத்தில் இருக்கிறது, மனிதர் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறதா என்றெல்லாம் அதனிடம் கேட்க முடியாது. பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பட்டியலை நம்பி மாடி ஏறியவர்களுக்கு இந்தப் பச்சை எழுத்தின் யோக்கியதையை நான் விளக்க வேண்டியதில்லை. ரேஷன் கடைப் பலகையில் “பாமாயில்: இருப்பு உள்ளது” என்று சாக்பீஸால் எழுதி வைத்திருக்கும் வரிக்குக்கூட இதைவிட மதிப்பு அதிகம், அங்கே கடைக்காரரிடம் சண்டையாவது போடலாம்.

நான் ஒன்றும் கிடைத்தற்கரிய ஓலைச்சுவடியைக் கேட்கவில்லை. வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதர் சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1939இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட நூலில் ஓர் அடிக்குறிப்பைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் தமிழில் முனைவர் பட்டங்களை அள்ளி வழங்குகிற ஒரு பல்கலைக்கழகத்தில் இதைப் பேராசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

தேடல் பெட்டியில் “சிலப்பதிகாரம்” என்று தமிழில் தட்டினேன். முடிவுகள் பூஜ்யம். தமிழ்நாட்டில், தமிழ்த் துறை இருக்கிற வளாகத்தில், சிலப்பதிகாரம் பூஜ்யம்! சரி, தமிழில் கேட்டதுதான் குற்றம் போலிருக்கிறது என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். அதற்கும் பூஜ்யம்தான், ஆனால் இம்முறை கீழே ஒரு வரி மிகவும் பணிவோடு கேட்டது: “நீங்கள் தேடியது சிலிக்கா ஜெல்லா?” இல்லை ஐயா, மதுரையை எரித்தவளின் கதையைத் தேடுகிறேன், புதுச் செருப்புப் பெட்டிக்குள் போட்டுத் தரும் பொட்டலத்தைத் தேடவில்லை.

ஏன் பூஜ்யம் என்பதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம்தான் கோபத்தை இரட்டிப்பாக்குகிறது. பழைய அட்டைப் பட்டியலைக் கணினிக்கு மாற்றும் வேலையை ஒரு பதிவுக்கு இத்தனை ரூபாய் என்று ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். தட்டச்சு செய்தவர்களில் ஒரு சாரார் பாமினி எழுத்துருவில் அடித்துத் தள்ளினார்கள். அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் அது தமிழாகத் தெரியும். ஓபேக்கில் பார்த்தால், ஒவ்வொரு மெய்யெழுத்தின் புள்ளிக்கும் ஓர் அரைப்புள்ளி விழுந்து, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வண்டி வண்டியாகக் குப்பை கொட்டிக் கிடக்கும். இன்னொரு சாரார் எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறியில்தான் (யூனிகோடு) அடித்தார்கள். அங்கே வேறு வினை. “கொ” என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் ஒன்றுதான் என்று கணினிக்கு யாரும் சொல்லிக்கொடுக்காதவரை, கொற்றவையைத் தேடினால் கொற்றவை கிடைக்க மாட்டாள். வாசகன் தேடும்போது இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் போலும்.

ஆங்கில எழுத்தில் தேடினால் ஏன் கிடைக்கவில்லை என்பது இன்னும் நீண்ட கதை. தீட்சிதர் 1939இல் காப்பியத்தின் பெயரை ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கினார். அலென் டேனியலூ தம் 1965ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அந்த ‘எஸ்’ஸுக்குப் பின்னால் ஒரு ‘ஹெச்’ சேர்த்துக்கொண்டார். ஆர். பார்த்தசாரதி 1993இல் கொலம்பியா பல்கலைக்கழக வெளியீடாகக் கொண்டுவந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் எழுத்துப்பெயர்ப்பு முறையை ஒட்டி ‘சி’ (C) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினார். மூவரையும் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவரவர் முறை அவரவருக்கு. இந்த மூவரையும் ஒரே தேடலில் கூட்டிவந்து நிறுத்துவதற்காகத்தானே நூற்பட்டியல் என்று ஒன்று இருக்கிறது? அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 1960களில் ஹென்ரியட் அவ்ரம் உருவாக்கிய, நூல் விவரங்களைக் கணினியில் பதிவதற்கான ‘மார்க்’ என்னும் பதிவு வடிவத்தின் இன்றைய பதிப்பில், ஒரு நூலின் வேறு தலைப்பு வடிவங்களை எழுதுவதற்கென்றே 246 என்று ஒரு புலம் இருக்கிறது. மூல எழுத்திலேயே தலைப்பை எழுதுவதற்கு 880 என்று இன்னொன்று. நோய் வருவதற்கு முன்பே மருந்து கண்டுபிடித்து வைத்துவிட்டார்கள். நம் பட்டியலில் அந்த இரண்டு புலங்களும் புது வீட்டுப் பரண்போல வெறுமையாகக் கிடக்கின்றன. மென்பொருளையும் நான் திட்ட மாட்டேன். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஒரு சிறிய நூலகத்தில் பயன்பாட்டுக்கு வந்து, இன்று எவரும் காசு கொடுக்காமல் நிறுவிக்கொள்ளக்கூடிய கோஹா போன்ற நூலக மென்பொருள்கள், உள்ளே போட்டதைத்தான் வெளியே எடுத்துத் தரும்.

தலைப்பு கைவிட்ட பிறகு ஆசிரியர் பெயரைப் பிடித்துத் தொங்கினேன். இளங்கோவடிகளைக் காணோம். ‘இ’யில் இல்லை, ‘இளங்கோ’வில் இல்லை. கடைசியில் ‘அ’ வரிசையில் அகப்பட்டார்: “அடிகள், இ.” குடும்பப் பெயர் அடிகள், முதலெழுத்து இ. அதற்கு அடுத்த வரியிலேயே “அடிகள், ம.” என்று ஒருவர் நின்றுகொண்டிருந்தார், திறந்து பார்த்தால் மறைமலையடிகள்! சேர நாட்டு இளவரசரும் பல்லாவரத்துப் பேராசிரியரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டார்கள். உ. வே. சாமிநாதையரின் பெயர் எத்தனை துண்டாகியிருக்கிறது என்று பார்க்கும் துணிவு அப்போது எனக்கு இல்லை. இந்தியப் பெயர்களை எப்படிப் பதிவது என்பதைப் பற்றி நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் தம் வகைப்படுத்திய நூற்பட்டியல் விதித் தொகுப்பை 1934இலேயே வெளியிட்டார் என்பதையும் இந்த இடத்தில் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

தீட்சிதரின் பெயரில்தான் நூல் கடைசியாக வெளிப்பட்டது. முதன்மைத் தலைப்பை விட்டுவிட்டு, “சிலம்பின் பாட்டு” என்று பொருள்படும் ஆங்கிலத் துணைத்தலைப்பை மட்டும் தலைப்பாக ஏற்றியிருந்தார்கள். அதனால்தான் அத்தனை தேடலிலும் அது தலைகாட்டவில்லை. பொருள் தலைப்பு என்ற இடத்தில் “அணிகலன்கள்” என்றிருந்தது. சிலம்பு காலில் அணிவதுதானே! தலைப்பைப் பார்த்து முடிவெடுத்த அந்த மகானுபாவர் அத்தோடு நிற்காமல், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி வகைப்பாட்டில் 739.27 என்று எண்ணும் கொடுத்திருந்தார். அது நகைத் தொழிலுக்குரிய எண். கோவலன் அந்தச் சிலம்பை ஒரு பொற்கொல்லனிடம் கொண்டுபோய்ப் பட்ட பாடு போதாதென்று, காப்பியத்தையே பொற்கொல்லர் தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நிலை: இருப்பில் உள்ளது. பச்சை.

மூன்றாம் மாடியில் 739.27க்குப் போனேன். மின்தூக்கி “பராமரிப்பில்” இருந்தது. குறைந்தபட்சம் அது உண்மையைச் சொன்னது. வைரம் பட்டை தீட்டுவது பற்றி ஒன்று, மணிக்கற்கள் பற்றி ஒன்று, பூக்கட்டும் கலை பற்றி எப்படியோ வழிதவறி வந்த ஒன்று, சிலம்பு இல்லை. யாரோ ஒரு நல்ல மனிதர் தவறைக் கண்டு, பட்டியலைத் திருத்தாமல் நூலை மட்டும் தமிழிலக்கியத்துக்கு மாற்றி வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில் முதல் மாடிக்கு இறங்கி, அதற்குரிய 894.811ஐ முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டுவரை, கீழ்த் தட்டுகளுக்கு மண்டியிட்டு, முதுகு கிழிந்த நூல்களை உருவி உருவிப் பார்த்தேன். டேனியலூ இருந்தார். நான் போன பருவத்தில் எடுத்துப் படித்துத் திருப்பிக் கொடுத்த பார்த்தசாரதியும் இருந்தார், நான் ஞாபகத்துக்கு வைத்த பேருந்துச் சீட்டு உள்ளேயே இருக்க. தீட்சிதர் இல்லை.

கீழே வந்து கவுன்ட்டரில் சொன்னேன். அங்கிருந்தவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். “அவைலபிள்னு காட்டுதே சார்.” அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன். “அப்போ ரேக்ல இருக்கும் சார், நல்லா பாருங்க.” ரேக்கில் இல்லை என்றேன். “ரேக்ல இல்லன்னா பைண்டிங் போயிருக்கும். இல்ல டிபார்ட்மென்ட்ல வாங்கியிருப்பாங்க.” அப்படியானால் திரையில் அப்படித்தானே காட்ட வேண்டும் என்றேன். “ஸ்டாக் வெரிஃபிகேஷன் முடிஞ்சாதான் சார் ஸ்டேட்டஸ் மாத்த முடியும்.” அது எப்போது முடியும் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாத சில கேள்விகள் உண்டு.

சரி, நூல் எப்போது திரும்பினாலும் எனக்குத் தகவல் வரட்டும் என்று முன்பதிவுப் பொத்தானை அழுத்தினேன். திரை மறுத்துவிட்டது: “இந்நூல் இருப்பில் உள்ளது. இருப்பில் உள்ள நூலை முன்பதிவு செய்ய இயலாது.” இல்லாத நூலை இருக்கிறது என்று சொல்லி, இருப்பதால் தர மாட்டேன் என்கிறது! தருக்க சாத்திரம் படித்தவர்கள் யாராவது வந்து இதை எனக்கு விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

வந்ததற்கு ஒரு கட்டுரையையாவது பிடிப்போம் என்று, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழில் சிலம்பைப் பற்றி வந்த ஒரு பழைய கட்டுரையைத் தேடினேன். நூலகப் பட்டியலுக்கு ஓர் இதழ் என்பது ஒரே ஒரு வரிதான்: செந்தமிழ், பைண்டு செய்த தொகுதிகள், முடிந்தது. உள்ளே யார் எதை எழுதினார்கள் என்பது அதற்குத் தெரியாது. இதை எந்தப் புத்தொளிப் பயிற்சியிலும் யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. பிள்ளைகள் கட்டுரைத் தலைப்பை ஓபேக்கில் தட்டிவிட்டு, அப்படியொரு கட்டுரையே உலகில் இல்லை என்று நெறியாளரிடம் போய் நிற்கிறார்கள். பக்கத்தில் “மின்வளங்கள்” என்று மினுக்கும் இணைப்பு ஒன்று இருந்தது. ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் ஒன்றிய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். நல்ல திட்டம்தான், வேதியியல் துறையில் இருக்கும் நண்பர் வாயார வாழ்த்துகிறார். அந்தப் பதின்மூன்றாயிரத்தில் செந்தமிழுக்கு இடம் இருக்கும் என்று எதிர்பார்க்க நான் யார்?

இத்தனைக்கும் அந்த ஓபேக் கணினிக்கு நேர் மேலே சுவரில் ரங்கநாதனின் படம் மாட்டியிருக்கிறது. சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதித் தந்தவர். நான்காவது விதி வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. ஆகஸ்டு 12 நூலகர் தினத்தன்று அந்தப் படத்துக்கு மாலை போட்டு, ஐந்து விதிகளையும் ஒருவர் ஒலிபெருக்கியில் வாசித்து, கேசரி கொடுத்து அனுப்புவார்கள். பட்டியலைத் தொட மாட்டார்கள். ஏனென்றால் பட்டியல் வாசகருக்காகப் போட்டதே இல்லை. கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் குழுவின் படிவத்தில், நூலகம் தானியங்கி முறைக்கு மாறியது முழுமையாகவா பகுதியாகவா என்று ஒரு கட்டம் உண்டு. மென்பொருளின் பெயர், பதிப்பு, ஆண்டு எல்லாம் நிரப்ப வேண்டும். அந்தக் கட்டத்தில் “முழுமையாக” என்று எழுதியாகிவிட்டது. இனி இளங்கோ யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அவர்களுக்கு என்ன?

போதும் என்று எழுந்தபோது கவுன்ட்டர்க்காரர் கூப்பிட்டார். “சார், உங்க கணக்குல ஒரு புக் ஓவர்டியூ காட்டுது. பார்த்தசாரதின்னு போட்டிருக்கு. ஃபைன் ஏறிக்கிட்டே இருக்கு.” தொலைந்துபோன நூல் இருப்பில் இருக்கிறது, இருப்பில் இருக்கிற நூல் என்னிடம் இருக்கிறது! ஒன்றும் பேசாமல் முதல் மாடிக்கு ஏறி, பார்த்தசாரதியை உருவிக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பார்கோடைக் காட்டி ஒரு முறை ‘பீப்’ ஒலிக்கச் செய்துவிட்டு, “ரிட்டர்ன் போட்டாச்சு சார். லேட்டா கொண்டாந்ததால ஃபைன் மட்டும் கட்டிடுங்க” என்றார்.

சண்டை போட வாய் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. அவருக்கும் என்னைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டினேன். அபராதக் கணக்கில் மட்டும் அந்த மென்பொருள் ஒரு ரூபாய்கூடப் பிசகுவதில்லை. ரசீதை வாங்கிப் பார்த்தால், என் தலைப்பெழுத்தை விரித்து, என் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, இதுவரை நூலக வாசலையே மிதித்திராத என் தந்தையார் பெயரில் அபராதத்தை வரவு வைத்திருந்தார்கள்.