குழந்தையின் எடையைக் கன்னத்தில் தேடாதீர்கள்

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எடையைப் பற்றித்தான். எடையைச் சொன்னவுடன், இன்னாருடைய குழந்தை இதே வயதில் எவ்வளவு இருந்தது என்ற ஒப்பீடு தொடங்கிவிடும். கேட்பவருக்கு அது அன்பான விசாரிப்பு. இரவெல்லாம் கண்விழித்துப் பால் கொடுக்கும் தாய்க்கோ, தன் பாலுக்கே சொல்லப்பட்ட குறையாக அது மனதில் தங்கிவிடுகிறது. கொழுகொழுவென்று இருப்பதுதான் ஆரோக்கியம் என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு குழந்தை நன்றாக வளர்கிறதா என்பதை அதன் கன்னத்தை வைத்தோ, ஒரே ஒரு நாள் எடுத்த எடையை வைத்தோ சொல்லிவிட முடியாது. பல வாரங்களில் எடுத்த எடைகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் அது தெரியவரும்.

முதல் வாரத்திலேயே குழப்பம் ஆரம்பமாகிறது. உடலில் இருக்கும் கூடுதல் நீர் வெளியேறுவதாலும், கருமலம் எனப்படும் கருநிறமான முதல் மலம் கழிவதாலும், சீம்பால் சிறிய அளவிலேயே சுரப்பதாலும் பிறந்த குழந்தையின் எடை முதல் சில நாள்களில் குறையத்தான் செய்யும். 3 கிலோவில் பிறந்த குழந்தை நான்காம் நாள் 2 கிலோ 800 கிராம் இருந்தால் அது இயல்பான குறைவே. குறைவு 10 சதவீதத்தை நெருங்கும்போது குழந்தை பால் குடிக்கும் விதத்தை மருத்துவர் கவனமாக ஆராய வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் 10 முதல் 14 நாள்களுக்குள் பிறந்த எடையைத் திரும்ப எட்டிவிடுகின்றன. இந்த ஒரு தகவல் பிரசவத்துக்கு முன்பே ஒவ்வொரு தாய்க்கும் சொல்லப்பட்டால், முதல் வாரத்திலேயே பயத்தில் கையிலெடுக்கப்படும் புட்டிகள் பல தேவைப்படாமலே போகும்.

அதன் பிறகு முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை எடை கூடும். அடுத்த மூன்று மாதங்களில் அது 15 முதல் 20 கிராமாகக் குறையும். பின்னர் இன்னும் மெதுவாகும். பிறந்த எடை ஐந்தாம் மாத வாக்கில் இருமடங்காகவும் ஓராண்டில் மும்மடங்காகவும் ஆவது பொதுவான கணக்கு. வேகம் குறையும் இந்த இடத்தில்தான் பல வீடுகளில் கவலை புகுந்துவிடுகிறது. நாளுக்கு 30 கிராம் என்ற வேகம் ஓராண்டு முழுவதும் நீடித்தால், 3 கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 14 கிலோ இருக்கும். ஆரோக்கியமான ஒரு வயதுக் குழந்தையின் நடுத்தர எடையோ 9 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. ஆகவே வேகம் தணிவது வளர்ச்சியின் இயல்பேயன்றி, பால் வற்றிவிட்டது என்பதற்கு அடையாளமன்று.

இந்தக் கவலைக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1970களின் இறுதியிலிருந்து உலகெங்கும் பயன்பட்டுவந்த வளர்ச்சி வரைபடம், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்த அமெரிக்கக் குழந்தைகளின் அளவுகளைக் கொண்டு வரையப்பட்டது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் முதல் இரண்டு மூன்று மாதங்களில் வேகமாகவும் அதன் பின் சற்று மெதுவாகவும் எடை கூடுவதால், அந்த வரைபடத்தில் அவை பின்தங்குவதுபோல் தோன்றின. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து, தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் வளர்ச்சியையே அளவுகோலாகக் கொண்டு, உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் புதிய வரைபடங்களை வெளியிட்டது. நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்தால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒரே விதமாகவே வளர்கின்றன என்பது அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. வரைபடம் மாறிவிட்டது, பேச்சு இன்னும் மாறவில்லை.

என் அக்கா மகள் தன் பெண் குழந்தையின் வளர்ச்சி அட்டையை ஒருமுறை என்னிடம் காட்டினாள். பிறக்கும்போது 2.8 கிலோ, இரண்டாம் மாதம் 4.5, நான்காம் மாதம் 5.7. குழந்தை மெலிந்திருக்கிறது என்று பார்த்தவர்களெல்லாம் சொல்ல, பவுடர் பால் தொடங்கலாமா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள். புள்ளிகள் மூன்றும் 15 பெர்சன்டைல் கோட்டின் மீதே வரிசையாக அமர்ந்திருந்தன. ஆரோக்கியமான நூறு பெண் குழந்தைகளை எடை குறைந்தவரில் தொடங்கி வரிசையாக நிறுத்தினால் இவள் ஏறக்குறைய பதினைந்தாவதாக நிற்பாள் என்பதைத் தவிர அந்தக் கோட்டுக்கு வேறு பொருள் இல்லை. அது தேர்வில் வாங்கிய மதிப்பெண் அன்று. அதற்கும் மேலாக, நான்கு மாதத்திலேயே அவள் பிறந்த எடையின் இருமடங்கைத் தாண்டியிருந்தாள். நீளமும் தலைச்சுற்றளவும் அதேபோல் சீராக இருந்தன. அவற்றைத்தான் யாரும் கேட்பதே இல்லை.

ஒப்பீட்டுப் பேச்சால் வரும் தீங்கு மனவருத்தத்தோடு நிற்பதில்லை. எடை கூட வேண்டும் என்ற அவசரத்தில் நான்காம் மாதமே நீர்த்த கூழ் தொடங்கப்படுகிறது. தாய்ப்பாலைவிடச் சத்துக் குறைந்த அந்தக் கூழ் சிறிய வயிற்றை நிரப்பிவிடுவதால், குழந்தை குடிக்கும் பாலின் அளவு குறைந்து, எதற்காகத் தொடங்கினார்களோ அதற்கு நேர்மாறானதே நடக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் தண்ணீர் கொடுப்பதும் அப்படித்தான். தலையைத் திருப்பி வாயை மூடிக்கொள்ளும் குழந்தையிடம் புட்டியில் மிஞ்சியதையும் கட்டாயப்படுத்திக் கொடுப்பதால், போதும் என்று உணரும் அதன் இயல்பான திறனையே நாம் மழுங்கடிக்கிறோம். கைக்குழந்தைப் பருவத்தில் அளவுக்கு மீறிய வேகத்தில் எடை கூடுவதற்கும் பின்னாளைய உடல்பருமனுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பவுடர் பால் கொடுக்க நேர்பவர்கள் டப்பாவில் குறிப்பிட்டுள்ள அளவிலேயே கலக்க வேண்டும். எடை ஏறட்டும் என்று ஒரு கரண்டி கூட்டுவதும், சிக்கனத்துக்காக நீரை அதிகமாக்குவதும் இரண்டுமே ஆபத்தானவை.

வீட்டிலேயே தினமும் எடை பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 100 மில்லி பால் குடித்து முடித்த குழந்தை உடனே 100 கிராம் கூடிவிடும். நனைந்த டயப்பரும் தன் பங்குக்கு எண்ணை மாற்றும். ஒரே தராசில், உடையில்லாமல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எடுத்த எடைகளுக்கே மதிப்பு உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்த வயதையே வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

இவ்வளவு சொல்வதால், எல்லாம் தானே சரியாகிவிடும் என்று இருந்துவிடலாம் எனக் கருத வேண்டாம். இரண்டு வாரம் ஆகியும் பிறந்த எடையை எட்டாத குழந்தை, ஐந்தாம் நாளுக்குப் பிறகும் ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழிக்கும் குழந்தை, பாலுக்கு எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடக்கும் குழந்தை, பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கும் குழந்தை, குடித்த பாலைப் பீறிட்டு வாந்தி எடுக்கும் குழந்தை ஆகியோரைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வளர்ச்சிக் கோடு தன் வழியைவிட்டு வரைபடத்தின் இரண்டு பெர்சன்டைல் கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கினாலும் காரணம் தேடியே ஆக வேண்டும்.

அந்தத் தேடலின் முதல் படியாக, மருத்துவரோ செவிலியரோ பக்கத்தில் அமர்ந்து, குழந்தை பால் குடிப்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வாய் அகலத் திறந்திருக்கிறதா, மோவாய் மார்பில் படிந்திருக்கிறதா, வேகமாகச் சில முறை உறிஞ்சிய பின் நிதானமாக இழுத்து விழுங்கும் ஒலி கேட்கிறதா, ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் கிடைக்கிறதா என்பவற்றைப் பார்த்தாலே பல சிக்கல்கள் பிடிபட்டுவிடும். பற்றும் விதத்தைச் சரிசெய்த பிறகும் எடை ஏறாவிட்டால், கூடுதல் பால் கொடுக்கத் தயங்கக் கூடாது. அதற்காக எந்தத் தாயும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதும் இல்லை. அந்த நாள்களிலும் மார்பில் கொடுப்பதையும் பாலைப் பீய்ச்சி எடுப்பதையும் நிறுத்தாமல் இருந்தால், சுரப்பு கூடக்கூடக் கூடுதல் பாலைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ள முடியும்.