மாசம் பூரா 3 டிகிரின்னு எழுதியிருந்தா எனக்கு பயமா இருக்கு

மீன் பதப்படுத்துற கம்பெனியில டெம்பரேச்சர் லாக் புக்க புரட்டும்போது அடிச்சுத் திருத்தின பக்கத்தப் பாத்து எனக்கு பயம் வராது. மாசம் பூரா ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எந்நேரமும் 3 டிகிரின்னு இருக்கு பாருங்க, அதப் பாத்தாதான் பயம். மீன் வைக்கிற குளிர் ரூம் கதவு திறக்கும் மூடும், லோடு உள்ள போகும், ஐஸ உருக்குற டீஃப்ராஸ்ட் ஓடும், இவ்வளவுக்கும் ஒருதடவகூட 5 காட்டலன்னா ஒண்ணு தெர்மாமீட்டர் செத்துப்போச்சு, இல்ல சாயங்காலம் உக்காந்து மொத்தமா எழுதியிருக்காங்க.

"அதான் கடைசியில லேப் டெஸ்ட் பண்றோமே"ங்கறாங்க. சரி, சூரை, அயிலை, மத்தி இதுலல்லாம் சதையிலயே ஹிஸ்டிடின்ங்கற அமினோ அமிலம் நிறைய இருக்கும், மீன் சூட்டுல கிடந்தா பாக்டீரியா அத ஹிஸ்டமினா மாத்திடும். மாறினது மாறினதுதான், வேக வச்சாலும் ஃப்ரீஸ் பண்ணாலும் டின்ல அடைச்சாலும் போகாது. பாக்க, மோந்து பாக்க எல்லாம் நல்லாவே இருக்கலாம். சாப்பிட்டவருக்கு முகம் செவந்து, தலவலி, தடிப்புன்னு வரும், பல சமயம் அலர்ஜின்னே நினைச்சுருவாங்க. இதுல கொடும என்னன்னா ஒரே லாட்ல ஒரு மீன்ல எகிறி நிக்கும், பக்கத்து மீன்ல ஒண்ணுமே இருக்காது. கோடெக்ஸ்ங்கற சர்வதேச உணவுத் தரவிதியில ஹிஸ்டமினுக்கு கிலோவுக்கு 200 மில்லிகிராம்னு வரம்பு இருக்கு, சாம்பிளுக்குப் போனது அந்த நல்ல மீனா இருந்தா ரிப்போர்ட் பளபளன்னு வந்துரும். அப்போ பிடிச்சதுலேர்ந்து குளிர்ச்சி விடாம இருந்துச்சான்னு சொல்ல அந்த லாக்க விட்டா என்ன இருக்கு? அமெரிக்காவுல 1997 டிசம்பர்லேர்ந்து மீன் கம்பெனிகளுக்கு ஹாசப் (HACCP), அதாவது ஆபத்து வரக்கூடிய கட்டங்கள அப்பப்பவே கண்காணிக்கற முறை, கட்டாயம், அதோட அடிப்படையே கடைசி டெஸ்ட மட்டும் நம்பாதங்கறதுதான்.

ஆனா எழுதுற பையன மட்டும் திட்டுறதுல எனக்கு உடன்பாடு இல்லங்க. உண்மையா 7ன்னு எழுதினா லாட்ட நிறுத்தி வைக்கணும், கண்டெய்னர் லேட்டாகும், "உன்ன யாரு இத எழுதச் சொன்னா"ன்னு சூப்பர்வைசர் எகிறுவாரு. அடுத்த தடவ அவன் 3ன்னுதான் எழுதுவான்.

ஸ்வாப், அதாவது கிருமி இருக்கான்னு பாக்க பஞ்சால தேய்ச்சு சாம்பிள் எடுக்கறதும் இதே லட்சணம்தான். லிஸ்டீரியாங்கற நோய்க்கிருமி ஃப்ரிட்ஜ் குளிர்லயே வளரும், தண்ணி போற வடிகால்ல, ஸ்லைசர் இடுக்குல, பெல்ட் அடியில குடியிருக்கும், நம்மாளுங்க இப்பதான் தொடச்ச டேபிள் நடுவுல தேய்ச்சு நெகட்டிவ்னு ஃபைல் பண்றாங்க.

ஆடிட்டருங்க மொதல்ல கேக்க வேண்டியது கரெக்டிவ் ஆக்‌ஷன் ஃபைலதான். என்னிக்கு தப்பாச்சு, அந்த லாட்ட என்ன பண்ணீங்க, யாரு முடிவெடுத்தா, இதெல்லாம் அதுல இருக்கணும். அது வருஷக்கணக்கா காலியா கிடந்தா எனக்கு அதுவே மேஜர், அதாவது ஆடிட்ல பெரிய குறைதான். டெம்பரேச்சர தானா பதிவு பண்ற ஆட்டோமேட்டிக் டேட்டா லாகர் மாட்டிட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்க, அதோட அலாரம் ஆன்ல இருக்கான்னும் கொஞ்சம் போய் பாத்துட்டு வந்து சொல்லுங்க.