கழிவுநீர்த் தொட்டியின் மூடியோடு நின்றுவிடும் சட்டம்

எங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி 1996இல் அப்பா கட்டியது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, கார் நிறுத்துவதற்காக வாசலில் தளம் போட்டு டைல்ஸ் ஒட்டியபோது, தொட்டியின் ஒரே மூடியும் அந்த டைல்ஸுக்கு அடியில் போய்விட்டது. அப்போது அது எங்களில் யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை. வாசல் அழகாகிவிட்டது என்றுதான் மகிழ்ந்தோம். 2017 மழைக்காலத்தில் கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் தேங்கியபோதுதான், மூடி எங்கே இருந்தது என்று ஆளாளுக்கு ஓர் இடத்தைக் காட்டினோம்.

நான்கு டைல்ஸை உடைத்து மூடியைக் கண்டுபிடித்தோம். லாரிக் குழாய் மேலே இருந்த நீரை உறிஞ்சிவிட்டது. அடியில் பல ஆண்டுகளாகத் தங்கி இறுகிய சேறு மட்டும் அசையவில்லை. மூடி ஒரு மூலையில் இருந்ததால் தடுப்புச் சுவருக்கு அப்பால் இருந்த இரண்டாவது அறைக்குக் குழாய் எட்டவே இல்லை. லாரியோடு வந்தவர், "இறங்கித்தான் சார் வாரணும், அதுக்குத் தனியா ஆகும்" என்றார். கயிற்றில் கட்டிய மெழுகுவத்தி ஒன்றைக் காட்டி, உள்ளே விட்டால் அது அணையாமல் எரிந்தால் பயமில்லை என்றும் சொன்னார். நான் அவரை இறங்கச் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்று உடனே சொல்லவும் இல்லை; எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்டேன். உள்ளேயிருந்து வந்த அம்மாதான், "அதெல்லாம் வேண்டாம்ப்பா, தண்ணிய ஊத்திக் கலக்கி எடுங்க" என்று நிறுத்தினார். இரண்டு நடை லாரி, இரட்டிப்புச் செலவு, அவ்வளவில் முடிந்தது.

அந்த மெழுகுவத்தியைப் பற்றிப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். சுடர் அணையாமல் இருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு அங்கே இருக்கிறதா என்பது தெரியாது. மீத்தேன் திரண்டிருந்தால் அந்தச் சுடரே வெடிப்பாக மாறும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் கொண்டது என்றாலும், அளவு கூடும்போது மூக்கின் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று ஒருவர் நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். முதலில் இறங்கியவர் சரிந்து விழ, அவரைத் தூக்கப் போன தம்பியோ மகனோ உடன் வேலை செய்பவரோ அடுத்தடுத்து விழுந்து இறந்த செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படிப்பதற்கும் இதுவே காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 1993ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பறைகளையும், மலத்தைக் கையால் அள்ளும் வேலையையும் பற்றியது. சாக்கடைக் குழிக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் நடப்பதை அது தொடவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் தொட்டது. அதன் 7ஆம் பிரிவு, ஆபத்தான முறையில் தொட்டியைச் சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. இந்தத் தடை உள்ளாட்சி அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் உண்டு. முதல் முறை மீறினாலே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அம்மா குறுக்கிட்டிருக்காவிட்டால் அன்று குற்றவாளி நான்தான். படித்தவன், செய்தித்தாள் வாசிப்பவன், இது எனக்கே தெரிந்திருக்கவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆனால் சட்டத்தின் மீது எனக்கு இருக்கும் குறை வேறு. அது மனிதர் இறங்குவதை முழுமையாகத் தடைசெய்யவில்லை. பாதுகாப்புக் கவசங்களும் முன்னெச்சரிக்கைகளும் இல்லாமல் இறக்குவதைத்தான் 'ஆபத்தான சுத்தம் செய்தல்' என்று வரையறுக்கிறது. கவசங்களின் பட்டியல் விதிகளில் நீளமாக இருக்கிறது. ஒரு லாரியும் இரண்டு ஆட்களுமாகத் தொழில் செய்பவரிடம் அவற்றில் என்ன இருக்கும் என்பது வாசலில் நின்று ஒருமுறை பார்த்தவருக்கே தெரியும். வரையறை எப்படியெல்லாம் பயன்படும் என்பதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையால் மலம் அள்ளியதால் யாரும் இறக்கவில்லை, சாக்கடையும் தொட்டியும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் 941 பேர் என்று 2021இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இறந்தவரின் வீட்டார் இந்த வேறுபாட்டை எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

இழப்பீட்டைப் பொறுத்தவரை நீதிமன்றம் தன் பங்கைச் செய்திருக்கிறது. 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. நல்லதுதான். எனினும் இழப்பீடும் தண்டனையும் உயிர் போன பிறகு வருபவை. இத்தகைய இறப்புகள் அதிகமாகப் பதிவாகும் மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது என்பது, நம் ஊர்ப் பெருமைகளைப் பட்டியலிடும் எவரும் மறந்துவிட விரும்பும் செய்தி. இறப்பவர்களின் சாதி என்ன என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஒரு மனிதர் ஏன் இறங்க நேர்கிறது என்ற கேள்வியை நம் விதிமுறைகள் கேட்பதே இல்லை என்பதுதான் என் குறை. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய சேற்றை, நிரம்பி வழியும் வரை பதினைந்து இருபது ஆண்டுகள் விட்டுவிடுகிறோம், அது இறுகிவிடுகிறது. இரண்டு அறைகளுக்கும் தனித்தனி மூடி வைப்பதில்லை. வைத்தாலும் அதன்மேல் படிக்கட்டோ டைல்ஸோ வந்துவிடுகிறது. லாரி நுழைய முடியாத சந்தில் குழாயின் நீளம் போதுவதில்லை. இறங்குவது என்ற முடிவு தொட்டி கட்டப்பட்ட அன்றே எடுக்கப்பட்டுவிடுகிறது. சட்டமோ இருபது ஆண்டுகள் கழித்து, மூடி திறக்கும் நாளில்தான் வந்து நிற்கிறது.

கட்டட அனுமதிக்காகக் கொடுக்கும் வரைபடத்தில் தொட்டி அழகாகவே இருக்கும். அது அப்படித்தான் கட்டப்பட்டதா என்று யாராவது வந்து பார்க்கிறார்களா? சிறிய வீடுகளுக்கு நிறைவுச் சான்றிதழே கட்டாயமில்லை எனும்போது, தொட்டிக்கு மேல்தளம் போட்ட பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பது கொத்தனாருக்கு மட்டுமே தெரியும். மேல்தளம் போடுமுன் ஒருமுறை நேரில் பார்த்துக் கையொப்பமிடுவது, சொத்துவரி ரசீதோடு கடைசியாகச் சேறு எடுத்த தேதியையும் பதிவு செய்வது ஆகிய இரண்டையும் கட்டாயமாக்கினால், கொல்லும் தொட்டிகளில் பெரும்பகுதி உருவாகாமலே போகும் என்பது என் கணிப்பு. கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2022இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 14420 என்ற எண்ணில் அழைத்துச் சேறு அகற்றக் கேட்கலாம். இவை தேவையானவையே. ஆனால் பொறுப்பு முழுவதையும் லாரிக்காரர் தலையில் வைத்துவிட்டு, தொட்டிக்குச் சொந்தக்காரரை ஒரு கேள்வியும் கேட்காமல் விடுவது நியாயமா என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவன் என்பதால்தான் கேட்கிறேன்.

எங்கள் தொட்டிக்கு இப்போது இரண்டு மூடிகள் இருக்கின்றன. வாசலில் டைல்ஸ் அந்த இடத்தில் மட்டும் நிறம் மாறியிருக்கும், வருபவர்கள் கேட்பார்கள். போன வாரம் எதிர்மனையில் புதுவீட்டுத் தொட்டிக்குக் கான்கிரீட் போட்டார்கள். ஒரே ஒரு திறப்பு, அதுவும் சுற்றுச்சுவரை ஒட்டி. மேஸ்திரியிடம் கேட்டேன். "ரெண்டு வச்சா கார் நிறுத்துற எடத்துல வருதுங்க, வீட்டுக்காரர் வேணாம்னுட்டாரு" என்றார்.