பீக்கன் கருவி ஃபோனில் இருப்பதை எடுத்துவிடுமா?

‘ரயில் நிலையச் சுவரில் இருக்கும் பீக்கன் கருவிக்குப் பக்கத்தில் போனாலே, ஃபோனில் உள்ள எண்கள், படங்கள் எல்லாம் அதற்குப் போய்விடும்’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

சாதாரண ப்ளூடூத் பீக்கன், கலங்கரை விளக்கம் போல, தன் அடையாள எண்ணை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். பக்கத்தில் யார் வந்தார்கள் என்பதே அதற்குத் தெரியாது. அந்த எண்ணை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது ஃபோனில் உள்ள செயலிதான். 2015-இல் லண்டன் பிம்லிகோ சுரங்க ரயில் நிலையத்தில் வேஃபைண்டர் திட்டத்தை இப்படித்தான் சோதித்தார்கள். பார்வையற்ற பயணிகளுக்கு நிலையத்துக்குள் வழியை ஃபோனே குரலில் சொன்னது. ஒருவர் துணையில்லாமல் ரயில் ஏற உதவும் கருவியை வதந்தியால் வெறுக்க வைப்பது பெரிய அநியாயம்.

சரி, பயத்துக்குக் காரணமே இல்லையா? உண்டு. 2013-இல் அதே லண்டனில் சில குப்பைத்தொட்டிகளில் வைத்திருந்த கருவிகள், கடந்துபோன ஃபோன்களின் வைஃபை அடையாள எண்களைப் பதிவு செய்தன. நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. அவை ஃபோனின் சமிக்ஞையைப் பிடிக்கும் கருவிகள், பீக்கன்கள் அல்ல. ஆனால் பீக்கனைப் பயன்படுத்தும் செயலி நம் இருப்பிடத்தைச் சேமிக்க முடியும். எந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று ஃபோன் அமைப்புகளில் பாருங்கள், தேவையில்லாததை நிறுத்திவிடுங்கள்.